உங்களுக்குத் தெரியுமா? வேட்டைக் காட்டில் ஆரஞ்சுச் சட்டை

பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலைமை வேறு. இலை உதிரத் தொடங்கியதும், உரிமம் வாங்கிய லட்சக்கணக்கானோர் துப்பாக்கியோடு காட்டில் இறங்குகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் குறி மான். மானின் கண்ணில் படாமல் பதுங்க வேண்டிய இவர்கள் உடுத்துவதோ, தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். ஏன் இந்தக் கூத்து?

●

மான் பார்ப்பதற்காக அல்ல, இன்னொரு வேட்டைக்காரர் பார்ப்பதற்காகத்தான் அந்த நிறம். காட்டில் மனிதனுக்குப் பெரிய ஆபத்து கரடியோ ஓநாயோ இல்லை. புதர் அசைந்ததும் விசையில் விரல் வைக்கும் இன்னொரு மனிதன். ‘பிளேஸ் ஆரஞ்சு’, ‘ஹன்டர் ஆரஞ்சு’ என்று சொல்லப்படும் இந்த நிறம் இயற்கையான காட்டில் அநேகமாக எங்கும் கிடையாது. உதிர்காலத்து மேப்பிள் இலைகூட இவ்வளவு பளபளக்காது. ஆரஞ்சு தெரிந்தால் அங்கே மனிதன் இருக்கிறான் என்று பொருள்.

●

இந்த நிறம் பிறந்ததற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1933, கலிஃபோர்னியா. மருத்துவம் படிக்கும் கனவில் இருந்த பாப் ஸ்விட்சர் என்ற மாணவர், கோடை விடுமுறையில் வேலை பார்த்த இடத்தில் தக்காளிச் சரக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கீழே விழுந்து தலையில் பலத்த அடி. நினைவு திரும்பியபின்னும் பார்வை சரியாகவில்லை. இருட்டறையில் இருக்கச் சொன்னார்கள் மருத்துவர்கள். தம்பி ஜோவுக்கு மேஜிக் பைத்தியம். புற ஊதா விளக்கில் ஒளிரும் பொருள்களை வைத்து வித்தை காட்டலாமே என்று அவருக்கு யோசனை. அண்ணனும் தம்பியும் அந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் மருந்துக் கடைக்குள் இருட்டில் புகுந்து, எந்தப் புட்டி மினுங்குகிறது என்று அலமாரி அலமாரியாகத் தேடினார்கள். கிடைத்ததை வார்னிஷில் கலந்து சாயம் செய்தார்கள். பிறகு, பகல் வெளிச்சத்திலேயே ஒளிரும் சாயங்களையும் உருவாக்கினார்கள். அதுதான் ‘டே-குளோ’. இரண்டாம் உலகப் போரில், விமானிகள் மேலிருந்து தங்கள் படையை அடையாளம் காண இந்தச் சாயம் தோய்த்த துணிகளைத் தரையில் விரித்துவைத்தது அமெரிக்க ராணுவம். வேட்டைச் சட்டையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

●

சாதாரண ஆரஞ்சுத் துணிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சாதாரணத் துணி, தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஆரஞ்சுப் பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு மற்றதை விழுங்கிவிடும். ஃப்ளோரசென்ட் சாயமோ விழுங்கிய நீலத்தையும் புற ஊதாவையும்கூட ஆரஞ்சாக மாற்றி வெளியே விடும். அதனால்தான் தன்மேல் விழுந்ததைவிட அதிக ஆரஞ்சு அதிலிருந்து வருகிறது. துணிக்குள் விளக்கு எரிவதுபோன்ற மயக்கம் தருகிறது. விடியலிலும் அந்தியிலும் மேகமூட்டத்திலும் வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு கூடும். மற்ற நிறங்கள் மங்கும் அந்த நேரத்தில் இது எடுப்பாகத் தெரியும். மான்கள் நடமாடுவதும் வேட்டைக்காரர்கள் விழித்திருப்பதும் அதே நேரம்தான்.

●

நடுராத்திரியில்? ஒரு பயனும் இல்லை. வெளிச்சம் விழுந்தால்தான் ஃப்ளோரசென்ட் வேலை செய்யும். இருட்டில் கூடாரத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு வேண்டியது டார்ச்சும், வெளிச்சத்தை வந்த வழியே திருப்பியடிக்கும் வெள்ளிப் பட்டையும். இரண்டும் வேறு வேறு சங்கதி; ஒன்று இருக்கிறதென்று மற்றதை விட்டுவிடக் கூடாது.

●

ஆரஞ்சுக்கு முன்னால் சிவப்புதான் ராஜா. கறுப்பும் சிவப்பும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை அன்றைய அமெரிக்க வேட்டைக்காரரின் சீருடை மாதிரி. விஸ்கான்சின் மாநிலம் 1945இல் மான் வேட்டைக்குச் சிவப்பைக் கட்டாயமாக்கியது. ஆனால் சிவப்பில் ஒரு பெரிய ஓட்டை. வெளிச்சம் குறையக் குறைய மனிதக் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கறுத்துப்போகும். போதாக்குறைக்கு, ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு உண்டு. அந்தியில் அவர் பார்க்கும் சிவப்புச் சட்டை, மரத்தடியில் நிற்கும் கரும்பழுப்பு உருவம்தான். ஃப்ளோரசென்ட் ஆரஞ்சு, நிறம் சரியாகத் தெரியாதவருக்கும் அதன் வெளிச்சத்தாலேயே தனித்துத் தெரியும். 1960களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் முதலில் இதைச் சட்டமாக்கியது. விஸ்கான்சின் 1980இல்தான் சிவப்பைக் கைவிட்டு ஆரஞ்சுக்கு வந்தது.

●

மானுக்கு அது தெரியாதா? தெரியும், ஆனால் ஆரஞ்சாகத் தெரியாது. நம் கண்ணில் நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்புச் செல்கள், மானுக்கு இரண்டுதான். 1992இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கூடிய ஆய்வாளர்கள் வெள்ளைவால் மானின் விழித்திரையில் மின் துடிப்புகளை அளந்து இதை உறுதிசெய்தார்கள். நீலம் அதற்கு நன்றாகத் தெரியும், பச்சையும் ஓரளவுக்கு. ஆரஞ்சும் சிவப்பும் மங்கிய புல் நிறத்தோடு கலந்துவிடும். அதற்காக ஆரஞ்சு போட்டுக்கொண்டு கையை வீசி நடந்தால் மான் நின்றுகொண்டிருக்காது. அசைவைப் பிடிப்பதில் அது நம்மைவிடக் கெட்டிக்காரி.

●

இதே சூட்சுமத்தில்தான் புலியும் பிழைக்கிறது. முதுமலைக் காட்டில் புள்ளிமானின் கண்ணுக்குப் புலியின் ஆரஞ்சுத் தோல், உலர்ந்த புல்லும் நிழலும்தான். மரத்தின் மேலிருக்கும் மந்திக்கு நம்மைப்போல மூன்று கூம்புகள். அதற்குப் புலி புலியாகவே தெரியும். உயரத்தில் இருப்பதும் அதற்குச் சாதகம். மந்தி குரல் கொடுத்ததும் கீழே மேயும் மான்கள் காதைத் தூக்குவதில் வியப்பில்லை.

●

ஆரஞ்சுச் சட்டைக்குக் கீழே நீல ஜீன்ஸ் போடுகிறவர் மானுக்குத் தானே தகவல் சொல்கிறார்! நம் கண்ணின் லென்ஸ் புற ஊதாவை வடிகட்டிவிடும். மானின் லென்ஸ் அவ்வளவாக வடிகட்டுவதில்லை. ‘வெண்மை கூட்டும்’ சோப்புத் தூளில் துவைத்த துணி மானின் கண்ணில் நீலமாகப் பளிச்சிடுவதற்கு இதுவே காரணம். விவரம் தெரிந்தவர்கள் வேட்டைத் துணிக்கென்று தனிச் சோப்பு வைத்திருப்பார்கள்.

●

எவ்வளவு ஆரஞ்சு போட்டால் போதும்? அமெரிக்காவில் இதற்கு ஒரே சட்டம் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்த்து 250 சதுர அங்குலம். கொலராடோவிலும் ஜார்ஜியாவிலும் இடுப்புக்கு மேலே 500. கனடாவின் ஒன்டாரியோவில் 400, கூடவே தலைக்கு ஆரஞ்சுத் தொப்பி. விஸ்கான்சினில் அங்குலக் கணக்கே இல்லை: இடுப்புக்கு மேல் வெளியே தெரியும் உடையில் பாதி. மெய்னில் இரண்டு உருப்படி, தொப்பி ஒன்று, உடம்பின் பெரும்பகுதியை மூடும் சட்டையோ வெஸ்ட்டோ ஒன்று. மனக்கணக்குக்குச் சொல்வதானால், ஏ4 தாள் ஒன்று சுமார் 97 சதுர அங்குலம். ஐந்து தாளை உடம்பில் சுற்றினால் கொலராடோ சட்டத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம்.

●

பரப்பளவு முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகவே இருக்கும். தவறு நடப்பது போடும் விதத்தில். சட்டம் கேட்பது ‘எல்லாப் பக்கமிருந்தும் தெரிய வேண்டும்’ என்று. இனி நடப்பதைப் பாருங்கள். காலையில் ஒருவர் வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அதன்மேல் பழுப்பு நிற முதுகுப்பை. முதுகிலிருந்த ஆரஞ்சு போயிற்று. வெயில் ஏற, பொத்தானைக் கழற்றிவிடுகிறார். வெஸ்ட் இரண்டு பக்கமும் சுருண்டு, முன்னால் தெரிவது உள்ளே போட்ட பச்சைச் சட்டை. தூறல் விழுந்ததும் மழைக் கோட்டை எடுத்து வெஸ்ட்டின் மேலேயே போடுகிறார். சாப்பிட உட்காரும்போது தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைக்கிறார். வெஸ்ட் இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. காட்டில் யாருக்கும் தெரியவில்லை. வெஸ்ட் எப்போதும் எல்லா உடைக்கும் மேலே, பொத்தான் போட்டு, பக்கவாட்டு நாடாவைக் கட்டி. முதுகுப்பைக்கென்றே ஆரஞ்சு உறை விற்கிறார்கள், விலை அதிகமில்லை. என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றிலும் தொப்பிக்குத்தான் முதல் இடம் தருவேன். புதருக்கு மேலே முதலில் எழுவது தலை. திரும்பும்போது அசைவதும் தலை. பின்னால் இருப்பவருக்கும் தெரிவது அதுவே.

●

ஆரஞ்சில் இலை, கிளை வடிவம் அச்சடித்த துணி கடைகளில் தொங்கும். பார்க்க அழகுதான். கொலராடோ அதை ஏற்காது. முழு நிறம் வேண்டும் என்கிறது. நியூயார்க் ஏற்கும். உருவத்தை உடைத்துக் காட்டுவதற்காகவே உண்டான அச்சு அது. மனிதக் கண்ணிலும் அதே வேலையைத்தானே செய்யும்?

●

சாலைப் பணியாளர்களும் காவலர்களும் போடும் மஞ்சள்–பச்சை வெஸ்ட் வேட்டைக்குச் செல்லாது. சாலையில் அது எடுப்பு. இலையுதிர் காலத்து மஞ்சள் இலைகளுக்கு நடுவே பாதி மறைந்துபோகும்.

●

உங்கள் வெஸ்ட்டுக்கு வயசாகிவிட்டதா என்று பார்க்க ஓர் எளிய வழி: பையின் மூடியைத் தூக்கி உள்ளே இருக்கும் நிறத்தையும் தோள்பட்டையின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். உள்ளே பளிச்சென்றும் தோளில் வெளிறிய மாம்பழ நிறமாகவும் இருந்தால், சாயத்தை வெயில் தின்றுவிட்டது. ஒளிர வைக்கும் அதே புற ஊதாக் கதிர்தான் நாளடைவில் அந்தச் சாயத்தைச் சிதைக்கிறது. ப்ளீச் போட்டுத் துவைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். காரின் பின் கண்ணாடியடியில் ஆண்டு முழுக்கப் போட்டுவைக்கும் வெஸ்ட்டின் கதியும் அதுவே. அப்பா போட்ட வெஸ்ட், தாத்தா தொப்பி என்று பாசத்தோடு வைத்திருப்பவர்கள் உண்டு. பாசம் சுவரில் மாட்டி வைக்க. காட்டுக்குப் புதிது வாங்குங்கள்.

●

தரையில் துணிக் கூடாரம் போட்டு உள்ளே ஒளிந்து காத்திருப்பது ஒரு வேட்டை முறை. உள்ளே இருப்பவர் தலை முதல் இடுப்புவரை ஆரஞ்சு போட்டிருந்தும் வெளியே இருப்பவருக்கு என்ன தெரியும்? பச்சைக் கூடாரம்கூடத் தெரியாது. ஆகவே விஸ்கான்சினில் அரசு நிலங்களில் போடும் கூடாரத்தின் வெளியே 144 சதுர அங்குலம், அதாவது ஓரடிக்கு ஓரடி, ஆரஞ்சு அல்லது பளீர் இளஞ்சிவப்பு தெரிய வேண்டும், அதுவும் நாலாபுறமும்.

●

1988 நவம்பர் 15. மெய்ன் மாநிலத்தில் பாங்கோர் நகருக்கு அருகே ஹெர்மன் என்ற ஊர். இரட்டைக் குழந்தைகளின் தாய் ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த மரங்களுக்கிடையே நின்றுகொண்டிருந்தார். கையில் வெள்ளைக் கையுறை. வெள்ளைவால் மான் மிரளும்போது வாலைத் தூக்கும்; அடிப்பக்க வெள்ளை பளிச்சென்று தெரியும். ஒரு வேட்டைக்காரர் பார்த்தது அந்த வால் என்றார். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியால் சுட்டார். அந்தத் தாய் அங்கேயே இறந்தார். 1990இல் ஜூரிகள் வேட்டைக்காரரை விடுவித்தார்கள். வேட்டைக் காலத்தில் ஆரஞ்சு போடாமல் வெளியே வந்தது அந்தத் தாயின் தவறு என்று ஊரில் சிலர் வெளிப்படையாகவே பேசியதுதான் கொடுமை. தன் வீட்டுக் கொல்லைக்குப் போக ஒருவர் எதற்காகச் சீருடை போட வேண்டும்? மறு ஆண்டு மெய்ன் ஒரு சட்டம் கொண்டுவந்தது: விலங்கின் தலையும் உடலும் மறைப்பின்றித் தெளிவாகத் தெரியாமல் சுடக் கூடாது, இன்னது என்று உறுதிசெய்வது சுடுகிறவரின் பொறுப்பு.

●

நியூசிலாந்தின் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று இதையே இன்னும் சுருக்கமாகச் சொல்கிறது: எள்ளளவும் சந்தேகமில்லாமல் இலக்கை அடையாளம் காண். அங்கே ஆரஞ்சு கட்டாயமில்லை; இந்த விதி உண்டு.

●

ஆரஞ்சு போட்டவர்கள் சுடப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு குறைவு என்று நியூயார்க் மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறை சொல்லிவருகிறது. அப்படிச் சொன்ன மாநிலமே வயது வந்த வேட்டைக்காரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது 2021இல்தான்! அதுவரை பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளும் அவர்களை அழைத்துப்போகிறவர்களும் மட்டும் போட்டால் போதும் என்றிருந்தது.

●

ஆரஞ்சு போட்டும் அடிபட்டவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஹாரி விட்டிங்டன். 2006 பிப்ரவரி 11, டெக்சாஸில் ஒரு பண்ணையில் காடை வேட்டை. சுட்டவர் அப்போதைய அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் சேனி. 78 வயது வழக்கறிஞரான விட்டிங்டன் ஆரஞ்சு வெஸ்ட்டும் தொப்பியும் அணிந்திருந்தார். சுட்டு வீழ்த்திய பறவையைத் தேடப் போனவர் மற்றவர்களுக்குப் பின்புறமாக வந்து சேர்ந்தார். சேனியின் கண்ணும் துப்பாக்கியும் பறந்த ஒரு காடையைத் துரத்தியபடி சுழன்றன. எதிரே சாயும் சூரியன். விட்டிங்டனின் முகத்திலும் மார்பிலும் சிறு ஈயக் குண்டுகள் பாய்ந்தன. ஒரு குண்டு இதயத்தை எட்டி லேசான மாரடைப்பும் வந்தது. பிழைத்துக்கொண்டார், 2023இல், 95ஆம் வயதில்தான் காலமானார். கண் பறவையிலேயே இருக்கும்போது எந்த நிறமும் கண்ணில் படாது. பறவை வேட்டையில் ஒவ்வொருவருக்கும் ‘என் பக்கம் இவ்வளவு’ என்று முன்பே பிரித்துக்கொள்வதும், பின்னாலிருந்து வருகிறவர் குரல் கொடுத்துவிட்டு வருவதும் இதனால்தான்.

●

எல்லா வேட்டைக்கும் ஆரஞ்சு பொருந்தாது. காட்டு வான்கோழிக்கும் வாத்துக்கும் நிறம் நம்மைவிட நன்றாகத் தெரியும். வசந்தகால வான்கோழி வேட்டைக்காரர்கள் உச்சந்தலை முதல் பாதம்வரை இலை வேஷம்தான். அதில் ஒரு கண்டிப்பு: சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் எங்கும் தெரியக் கூடாது, கைக்குட்டையாக இருந்தாலும் சரி. ஆண் வான்கோழியின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். இன்னொருவர் நெருங்கி வந்தால் கையசைக்காதீர்கள், வான்கோழிபோலக் கூவாதீர்கள். அசையாமல் இருந்து ‘நில்!’ என்று உரக்கக் கத்துங்கள். கிடைத்த பறவையைத் தோளில் சுமந்து திரும்பும்போது அதை ஆரஞ்சுத் துணியில் சுற்ற வேண்டும். மானை இழுத்து வரும்போது கொம்பில் ஆரஞ்சு நாடா கட்டுவதும் இதே காரணத்துக்காக.

●

2016இல் விஸ்கான்சின் பளீர் இளஞ்சிவப்புக்கும் அனுமதி தந்தது, அமெரிக்காவிலேயே முதலாவதாக. மனிதக் கண்ணுக்கு ஆரஞ்சுக்கு அது சளைத்ததல்ல என்று அங்குள்ள பல்கலைக்கழகத்தின் துணியியல் பேராசிரியர் ஒருவர் சோதித்துச் சொன்னார். ‘பெண்கள் வேட்டைக்கு வருவார்கள்’ என்ற கணக்கும் அதில் இருந்தது. இளஞ்சிவப்பு காட்டினால்தான் நாங்கள் வருவோமா என்று வேட்டைக்காரப் பெண்களிலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்! நிறம் என்னவோ நிலைத்துவிட்டது. கொலராடோ, மினசோட்டா எனப் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

●

ஐரோப்பாவில்? பிரான்ஸில் கூட்டமாகச் சேர்ந்து பெரிய விலங்குகளை வேட்டையாடும்போது ஃப்ளோரசென்ட் வெஸ்ட் கட்டாயம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அடுத்த ஆண்டே, வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞரைக் காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார் ஒரு வேட்டைக்காரர். சுட்டவருக்கு வெஸ்ட் இருந்தென்ன?

●

நாய்க்கும் ஆரஞ்சு வெஸ்ட் உண்டு. ஜெர்மனியின் வேட்டை நாய்கள் அதோடுதான் புதருக்குள் நுழையும். மலைப்பகுதிகளில் குதிரையில் போகிறவர்கள் குதிரைக்கும் ஆரஞ்சு கட்டுவார்கள். பழுப்புக் குதிரையின் பின்புறம், மரங்களுக்கிடையே, எல்க் மானுக்கு அண்ணன் தம்பி.

●

பிள்ளைகளைப் பார்க்க அக்டோபர், நவம்பரில் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போகிறவர்களுக்கு: இலைகளின் நிறம் பார்க்கக் காட்டுப் பாதையில் நடப்பது அங்கே வழக்கம். நடக்கிறவர்களுக்கு ஆரஞ்சு பெரும்பாலும் கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு தொப்பியாவது போட்டுக்கொள்ளுங்கள், பேரக்குழந்தைக்கும் சேர்த்து. வேட்டைச் சாமான் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும். வெள்ளைக் குல்லாவும் பழுப்புக் கோட்டும் அன்றைக்கு வேண்டாம். விடியலையும் அந்தியையும் தவிருங்கள், பேசிக்கொண்டே நடங்கள். போகும் பூங்காவில் வேட்டைக்கு அனுமதி உண்டா, எந்தத் தேதிகளில் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மெய்ன் பக்கம் போனால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். அந்த மாநிலத்தில் ஞாயிறன்று வேட்டைக்குத் தடை.